எதிர்பாராத நாள், காலை பத்து மணிக்கு

விமானம் இல்லை என்று சொல்வதுதான் நெல்டா மான்சீயாவின் வேலை. விமானம் உண்டு என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டே கேட்பார்கள். இல்லை என்று சொல்லத்தான் ஆள் தேவைப்பட்டது. அதை அவளைப் போல நாசூக்காகச் சொல்ல கண்டத்தின் தென்முனையில் இருந்த புந்தா அரேனாஸ் ஊரில் வேறு ஆள் கிடையாது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டிருந்தது.

அண்டார்க்டிகாவுக்குக் கப்பலிலேயே போனால் இரண்டு நாள் கடல் குடலைப் பிடுங்கும். அதற்கு மனமில்லாதவர்களை இந்தக் கம்பெனி புந்தா அரேனாஸில் விமானம் ஏற்றி, தெற்கே ஒரு தீவில் இறக்கும். இரண்டு மணி நேரப் பயணம். அங்கே சரளைக்கல் ஓடுபாதை. இறங்கி நடந்தால் கடற்கரை, ரப்பர் படகு, கப்பல். கப்பலில் பயணம் முடிந்தவர்கள் அதே விமானத்தில் திரும்பி வருவார்கள். காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் தீவின் மேல் மேகம் படுத்துவிட்டால் விமானம் இறங்க முடியாது. மேகமோ யாரையும் கேட்டுக்கொண்டு படுப்பதில்லை. அப்போது உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்த எழுபது பேர் சிவப்புக் கோட்டும் ரப்பர் பூட்சும் மாட்டிக்கொண்டு, ஜலசந்தியைப் பார்த்த ஓட்டலில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டியவள் நெல்டா.

அவளுக்கென்று சில முறைகள் இருந்தன. ‘தாமதம்’ என்ற வார்த்தையை வாயில் எடுக்க மாட்டாள். ‘மேகம் இன்னும் எழுந்திருக்கலை’ என்பாள், ஏதோ வீட்டுப் பெரியவர் தூங்குகிற மாதிரி. விமானம் எப்போது கிளம்பும் என்று ஒருநாளும் சொல்ல மாட்டாள். அடுத்த செய்தி எப்போது என்று மட்டும் சொல்வாள். பதினொரு மணி என்றால் பதினொரு மணிக்குக் கணப்பு அடுப்புப் பக்கத்தில் நிற்பாள். “செய்தி எதுவும் இல்லைங்கிறதுதான் பதினொரு மணிச் செய்தி” என்பாள். எவ்வளவு கோபமாக இருந்தவரும் அதைக் கேட்டு அடங்கிவிடுவார். முக்கியமாக, அவள் சொன்ன மேகம் எப்போதும் நிஜமான மேகமாக இருந்தது.

நேரம் தவறாமை அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. அப்படிப்பட்டவள் போய் யெர்கோ விலிசிச்சைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பது ஊரே ஆச்சரியப்பட்ட விஷயம். பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வரவில்லை. அதிகாரி பொறுத்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிச் சாப்பிடப் போய்விட்டார். அவர் சாப்பிட்டு, காபி குடித்து, பல் குத்திக்கொண்டு திரும்பி வந்தபோது யெர்கோ வாசலில் நின்றிருந்தான். ஒரு ஆடு குட்டி போட்டதாம், விட்டுவிட்டு வர முடியவில்லையாம். அதற்கப்புறமும் கல்யாணம் நடந்தது. அதுதான் நெல்டா செய்த பிழை. ஊருக்கு வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த அவன் ஆட்டுப் பண்ணையில் பதினொரு வருஷம் ஆறிப்போன சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஊருக்குக் குடிவந்துவிட்டாள். சண்டையெல்லாம் இல்லை. அவள் போய்விட்டாள் என்பதே அவனுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது என்று பஸ் ஓட்டும் லூச்சோ சொல்வான். அது கொஞ்சம் மிகைதான்.

அந்த ஜனவரியில் மேகம் மூன்றாவது நாளாக எழுந்திருக்கவில்லை. பயணிகளோடு சேர்ந்து டிர்க் என்பவரும் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒரு டச்சுக்காரர், பறவை நிபுணர், கப்பலில் போய்ப் பணியில் சேர வேண்டியவர். ‘எங்கள் ஊழியர்கள் எந்த நேரமும் உங்கள் கேள்விகளுக்காகக் காத்திருப்பார்கள்’ என்று கம்பெனியின் விளம்பரப் புத்தகத்தில் போட்டிருந்தது. அதை அப்படியே நம்பி, அவர் முட்டை சாப்பிடும்போதுகூட நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலை அவர் நெல்டாவைத் தூண் மறைவுக்கு இழுத்தார்.

“நெல்டா, எங்கிட்ட பெங்குவின் தீந்துபோச்சு.”

“என்னது?”

“எல்லா வகையும் சொல்லியாச்சு. முட்டை, குஞ்சு, இறக்கை உதிர்றது, எல்லாம் ஆச்சு. நேத்து சாயங்காலமே கடல் காக்காய்க்கு வந்துட்டேன். இனிமே கோழியப் பத்தித்தான் பேசணும்.”

“அதையும் பேசிடுங்க.”

“பேசிட்டேனே.”

அதே நேரத்தில் ஓட்டல் மேலாளர் வந்து, மதியம் பல் மருத்துவர்கள் மாநாடு ஒன்று வருவதால் கூடத்தைக் காலி செய்துகொடுக்கச் சொன்னார். எழுபது பேரை எங்கே கொண்டுபோவது? அருங்காட்சியகத்தை எல்லோரும் இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு சமாதியும் அவர்களுக்கு அத்துப்படி. காற்றுக்குத் துறைமுகத்தை மூடிவிட்டார்கள், படகும் கிடையாது. நெல்டா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, இரண்டு வருஷமாக அழைக்காத ஒரு எண்ணை அழைத்தாள்.

“யெர்கோ, எழுபது பேருக்கு மதியச் சாப்பாடு போட முடியுமா?”

“எப்போ?”

“இன்னிக்கு. பன்னெண்டுக்கெல்லாம் வந்துடுவோம்.”

“வா, வா. இப்பத்தான் ஆட்ட நெருப்புல ஏத்திக்கிட்டிருக்கேன்.”

அந்த ‘இப்பத்தான்’ அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் வேறு வழியில்லை.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு பஸ்ஸும் பண்ணைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டன. சாலை முழுக்க ஆடு. காற்று வேலியை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டிருந்தது. யெர்கோ குதிரைமேல் இருந்தபடி யாரையோ, அநேகமாகக் காற்றைத்தான், திட்டிக்கொண்டிருந்தான். விறகுகூட இன்னும் பிளக்கவில்லை என்று நெல்டா தூரத்திலிருந்தே கண்டுகொண்டாள்.

“நல்ல நேரத்துல வந்தீங்க!” என்று அவன் கத்தினான். “எல்லாரும் இறங்குங்க! கோட்ட விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வரிசையா நில்லுங்க!”

நெல்டா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது எழுபது சிவப்புக் கோட்டுகள் சமவெளியில் ஓடிக்கொண்டிருந்தன. ஓய்வுபெற்ற கனடா நீதிபதி ஒருவர் ஒரு கிடாவின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்று, தீர்ப்புச் சொல்கிற குரலில் ஏதோ சொல்லிப் பார்த்தார். கிடா கேட்கவில்லை. தைவான் இதய மருத்துவர் ஒருவர் வேலிக் கம்பத்தைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தார், யெர்கோ கல் வைத்து இறுக்கினான். டிர்க், யாரும் பறவையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத சந்தோஷத்தில், எல்லோரையும்விட வேகமாக ஓடினார்.

சாப்பாடு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் தயாரானது. சூரியன் அப்போதும் உயரத்தில் இருந்தது. பசியில் யாரும் பேசவில்லை. கத்தி போதவில்லை, கையாலேயே பிய்த்துத் தின்றார்கள். யெர்கோ பெட்டிமேல் உட்கார்ந்து, வேலியைக் காற்று தூக்கிக்கொண்டுபோய் அர்ஜென்டீனாவில் போட்ட கதையைச் சொன்னான். நெல்டாவைப் பார்க்கும்போது மட்டும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

மறுநாள் மேகம் எழுந்தது, விமானம் பறந்தது. அவர்கள் பனிமலையைப் பார்த்தார்கள், திமிங்கிலத்தைப் பார்த்தார்கள், பெங்குவின்கள் அவர்கள் பூட்சைக் கொத்திப் பார்த்தன. பயணம் முடிந்ததும் கம்பெனி, எது மிகவும் பிடித்தது என்று கேட்டது. பாதிக்கு மேற்பட்டவர்கள் யெர்கோவின் ஆடு என்றார்கள்.

சந்தியாகோ தலைமை அலுவலகத்திலிருந்து கொன்ஸ்தான்சா உர்சூவா அடுத்த விமானத்திலேயே வந்து இறங்கினாள். நெல்டாவைவிட இருபது வயது சின்னவள், ‘பயணி அனுபவ’ப் பிரிவின் தலைவி. சாய்ந்த வேலியின் பக்கத்தில் நின்று அதை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டாள்.

“நெல்டா, இத ஒவ்வொரு குழுவுக்கும் பண்ணலாம். ‘எதிர்பாராத நாள்’னு பேரு வெச்சுக்கலாம். ரெண்டாவது நாள், காலைல பத்துலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும்.”

“அன்னிக்கு மேகம் இல்லைன்னா?”

“மேகம் இருக்கிறப்ப மட்டும் எதிர்பாராத நாள் வந்தா, அத எப்படிங்க திட்டமிடறது?”

“வேலி ஒவ்வொரு தடவையும் விழாதே.”

“விழ வெச்சுக்கலாம். கொக்கி மாதிரி ஏதாவது.”

நெல்டா கடைசியாகத் தன்னிடமிருந்த பலமான ஆயுதத்தை எடுத்தாள். “நான் ஒண்ணு சொல்லிடறேன். அந்தாளு ஜென்மத்துக்கும் நேரத்துக்கு எதையும் செய்ய மாட்டான். எனக்குத் தெரியும். நான் அவன்கூடக் குடும்பம் நடத்தினவ.”

“பயிற்சி குடுத்துக்கலாம்” என்றாள் கொன்ஸ்தான்சா.

நெல்டா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு மூன்றாவது குழு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. கம்பெனி யெர்கோவுக்கு ஒரு கைக்கடிகாரமும், வாக்கி டாக்கியும், புதுப் போர்வை ஒன்றும் கொடுத்தது. காலை ஏழு மணிக்கு நெருப்பு, எட்டு மணிக்கு ஆடு ஏற்றம், பஸ் வளைவில் திரும்பும்போது வேலிக் கொக்கி விடுவிப்பு, ஒன்றே கால் மணிக்குச் சாப்பாடு. ஒன்று இருபது இல்லை, ஒன்று பத்தும் இல்லை. அர்ஜென்டீனாக் கதை காபியோடு ஆரம்பித்துக் காபியோடு முடிந்தது. ஆடுகளுக்கே பழகிவிட்டது. கொக்கி விழுந்ததும் கிளம்பி, சாலையில் வழக்கமான இடத்தில் போய் நின்று, விரட்டுவதற்காகக் காத்திருந்தன.

நெல்டா ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் அவனைப் பிடித்தாள்.

“பதினொரு வருஷம் யெர்கோ. ஒரே ஒரு நாள், ஒரு ஞாயித்துக்கிழமையாவது, சொன்ன நேரத்துக்கு மேசைக்கு வந்திருக்கியா?”

அவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னான். “நீ சொல்றப்ப கத்துவே. அவங்க சொல்றப்ப சான்றிதழ் குடுக்கறாங்க.”

“சான்றிதழா?”

“சமையலறைச் சுவத்துல மாட்டியிருக்கேன். வந்து பாரு. ஆனா இப்ப வேணாம், நான் நாலு நிமிஷத்துல குதிரைமேல இருக்கணும்.”

அவளுக்கு வந்தது கோபமா வேறு எதுவுமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒன்றைத் தூக்கி அவன்மேல் எறியவேண்டும்போல இருந்தது. பக்கத்தில் ஆட்டுப் புழுக்கைதான் இருந்தது.

பிப்ரவரி நடுவில் வந்த குழுவில் வினிஃப்ரெட் என்ற அடிலெய்ட்காரக் கிழவி ஒருத்தி இருந்தாள். வீட்டுக்காரர் போன பிறகு அவர் போக நினைத்த இடத்துக்கெல்லாம் தான் போய்க்கொண்டிருப்பவள். நெல்டாவைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. “நீ சொன்னா நான் நம்புவேம்மா. மத்தவங்க எல்லாம் பல்லக் காட்டறாங்க” என்றாள்.

எதிர்பாராத நாளன்று காலை ஆறு மணிக்கே விமானி அழைத்தார். “தீவு பளிச்சுன்னு திறந்திருக்கு, நெல்டா. சாயங்காலத்துக்கு மேல சொல்ல முடியாது. கிளம்பணும்னா இன்னிக்குத்தான்.”

நெல்டா கொன்ஸ்தான்சாவைத் தொலைபேசியில் எழுப்பினாள்.

“நாளைக்கும் நல்லா இருக்கும்னுதான் நம்ம கணிப்பு சொல்லுது” என்றாள் கொன்ஸ்தான்சா தூக்கக் குரலில். “நிகழ்ச்சி நிரல மாத்த வேணாம். ஆட்டையெல்லாம் இந்நேரம் தயார் பண்ணியிருப்பாங்களே?”

“எட்டு மணிக்குத்தான் நெருப்புல ஏத்துவான்.”

“அவரு சரியா ஏத்திடுவாரு. விமானத்தத் தள்ளி வெக்கலாம் நெல்டா, வெந்த ஆட்டத் தள்ளி வெக்க முடியாது.”

ஒன்பது மணிக்கு நெல்டா கணப்புப் பக்கத்தில் போய் நின்றாள். இதுவரை வந்த எதிர்பாராத நாட்களிலெல்லாம் அவளுக்கு அதிர்ஷ்டம், தீவில் உண்மையிலேயே ஏதாவது ஒரு துண்டு மேகம் இருந்தது. இன்றைக்கு அதுவும் இல்லை. “மேகம் இன்னும் எழுந்திருக்கலை” என்றாள். வார்த்தை வழக்கம்போலத்தான் வந்தது. சொன்ன பிறகு நாக்கில் மட்டும் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

பண்ணையில் எல்லாம் நேரப்படி நடந்தது. வேலி விழுந்தது, சிவப்புக் கோட்டுகள் ஓடின. மதியம் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த வினிஃப்ரெட் தலையைத் தூக்கினாள். மேலே வேறொரு கம்பெனியின் விமானம் நீல வானத்தில் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

“அது எங்கம்மா போகுது?”

“அது சரக்கு விமானம்” என்றாள் நெல்டா.

மறுநாள் மேகம் படுத்தது. கணிப்பில் இல்லாத மேகம், அதுவும் தடித்தது. அடுத்த நாளும் படுத்திருந்தது. அதற்கடுத்த நாளும். கப்பலிலிருந்து பயணக் குழுத் தலைவர் செயற்கைக்கோள் தொலைபேசியில் கத்தினார்: “இங்க எழுபது பேரு பெட்டியக் கட்டி வெச்சுக்கிட்டு கூடத்துல உக்காந்திருக்காங்க! சமையல்காரரு முட்டைய எண்ணி எண்ணி வெக்கிறாரு! அந்த நீல வானத்தன்னிக்கு நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?” ஆடு விரட்டிக்கொண்டிருந்தோம் என்று நெல்டாவால் சொல்ல முடியவில்லை.

ஓட்டலில் முகங்கள் கடுகடுக்க ஆரம்பித்தன. நெல்டா யெர்கோவை அழைத்தாள்.

“மறுபடி கூட்டிட்டு வரட்டுமா? இவங்களச் சமாளிக்க முடியலை.”

“இவங்க எதிர்பாராத நாள் முடிஞ்சிருச்சே” என்றான் யெர்கோ. “அடுத்தது சனிக்கிழமை.”

“இது நிஜமாவே எதிர்பாராததுடா!”

“அப்ப முன்கூட்டியே சொல்லியிருக்கணும்ல? எனக்கு நிரல்ல இல்ல. ஆட்ட ஓய்வுல விட்டிருக்கேன். கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாரு.”

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். நேரத்துக்கு வராத யெர்கோவாக இருந்திருந்தால், விறகு பிளக்காமலே ‘வா, வா’ என்றிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஆள் எங்கே போனான் என்று தேடவேண்டும் போலிருந்தது. அவனைத் தொலைக்க வேண்டும் என்றுதானே அவள் பதினொரு வருஷம் பாடுபட்டாள்.

அன்று பதினொரு மணிச் செய்திக்கு அவள் வந்தபோது வினிஃப்ரெட் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இந்த முறையும் டிர்க்தான் கப்பலுக்குப் போக வேண்டிய ஊழியர். கோழி வரைக்கும் வந்து முடித்துவிட்டு ஜன்னலோரம் நின்றிருந்தார்.

“ஒண்ணு கேக்கட்டுமாம்மா?” என்றாள் வினிஃப்ரெட். “அன்னிக்குப் போச்சே, அது சரக்கு விமானமா? ஓட்டல்ல ஒருத்தர் சொன்னாரு, அன்னிக்கு அந்தக் கம்பெனிக்காரங்க எல்லாரும் போய் இறங்கிட்டாங்களாம்.”

நெல்டா கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். அதில் மேகத்தின் உயரம்தான் எழுதியிருந்தது. ‘இதுதான் சாகசப் பயணம்’ என்று கம்பெனி சொல்லிக்கொடுத்த வாக்கியம் ஒன்று இருந்தது. எல்லா ஊழியரும் எல்லாச் சிக்கலிலும் சொல்ல வேண்டியது. வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

“இல்லம்மா. அது பயணிகள் விமானம். அன்னிக்குத் தீவுல மேகம் இல்ல. நாமளும் போயிருக்கலாம். ஆட்டுப் பண்ணை நிகழ்ச்சி இருந்ததால கம்பெனி வேணாம்னுச்சு. நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். ரெண்டு பொய்.” தொண்டை அடைத்துக்கொண்டது. “நான் இந்த வேலைல மேகத்தப் பத்திப் பொய் சொன்னதே இல்ல. இதுதான் முதல் தடவை.”

பின்வரிசையில் ஒருவர் கேட்டார்: “அப்ப அந்த வேலி?”

“வேலியா?”

“விழுந்துச்சே. அது?”

“அது... கொக்கி.”

அதற்குத்தான் கூச்சல் எழுந்தது. அண்டார்க்டிகாவில் நாலு நாள் வீணாய்ப் போனதைக்கூட அவர்கள் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள் போலும். வேலியைப் பொறுக்க முடியவில்லை. “நான் கம்பத்தத் தாங்கித் தோள்பட்டை வீங்கிக் கிடக்கேன்!” என்று ஒருவர் எழுந்தே விட்டார். “ஆடுங்களுக்குத் தெரியுமா?” என்று ஒரு பெண் கேட்டாள். தெரியும் என்று நெல்டா ஒப்புக்கொண்டாள். வழக்கு, பத்திரிகை, தூதரகம் என்று குரல்கள் எழுந்தன.

வினிஃப்ரெட் மட்டும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உக்காரும்மா. நின்னுக்கிட்டே இருக்கே.” பிறகு டிர்க்கைப் பார்த்து, “நீங்க என்ன வேடிக்கை பாக்கறீங்க? இவளுக்கு ஒரு காபி கொண்டாங்க” என்றாள். டிர்க் ஓடினார்.

மறுநாள் மேகம் எழுந்து அவர்களும் போனார்கள். படகுச் சுற்று பாதியாகக் குறைந்த பயணம். நெல்டா விமான நிலையத்தில் கடைசி ஆள் ஏறும்வரை நின்றாள். சிலர் கை கொடுத்தார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். வேலை போய்விடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போய், அலுவலக மேசை இழுப்பறையில் இருந்த தன் பொருட்களை எந்தப் பையில் எடுத்துவருவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்.

கொன்ஸ்தான்சா ஒரு வாரம் கழித்து அழைத்தாள். குரலில் கோபம் இல்லை. அதுவே நெல்டாவைப் பயமுறுத்தியது.

“கருத்தெல்லாம் வந்துருச்சு நெல்டா. பயங்கரம். பண்ணை, விமானம், கம்பெனி, எல்லாத்துக்கும் அடிமட்டம். ஆனா ஒண்ணு மட்டும் உச்சத்துல இருக்கு. எது தெரியுமா? நீங்க.”

“நானா?”

“நீங்க உண்மையச் சொன்னது. நிறைய பேரு எழுதியிருக்காங்க. ‘மனச உருக்கிருச்சு’ன்னு ஒருத்தர். இதுவரைக்கும் எந்தப் பயணத்துலயும் ஒரு ஊழியர் இப்படிப் பேசிக் கேட்டதில்லையாம். அத ஒவ்வொரு குழுவுக்கும் சொல்ல முடியுமா?”

“எத?”

“அதேதான். ஒரு தடவை பொய் சொல்லிட்டோம், வருத்தப்பட்டோம், இனிமே சொல்ல மாட்டோம். முதல் நாள் வரவேற்புலயே வெச்சுக்கலாம். பூட்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி.”

நெல்டா முடியாது என்றுதான் சொல்ல நினைத்தாள். ஆனால் வேலை போகும் என்று ஒரு வாரம் தூங்காமல் கிடந்தவள் அவள். போகவில்லை என்றதும் ‘சரி’ என்றுவிட்டாள். தவிர, சொல்லப்போவது உண்மைதானே. உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு?

அடுத்த குழுவுக்குச் சொன்னாள். தடுமாறினாள், இரண்டு இடத்தில் வரிசை மாறிப்போயிற்று. அதற்கடுத்த குழுவுக்குத் தடுமாறவில்லை. மூன்றாவது குழுவுக்குச் சொல்லும்போது ‘இதுதான் முதல் தடவை’ என்ற இடத்தில் தொண்டை தானாக அடைத்துக்கொண்டது. முன்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். நெல்டா அதைப் பார்த்தாள். பார்த்ததும், கைக்குட்டை மடங்கும் வரைக்கும் ஒரு நொடி கூடுதலாகப் பொறுத்து, அதற்கப்புறம் அடுத்த வார்த்தையைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் பூட்ஸ் கொடுப்பதை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள்.

மறுநாள் ஊருக்குள் சோரிப்பான் கடையில் யெர்கோவைப் பார்த்தாள். பண்ணை நிகழ்ச்சியைக் கம்பெனி நிறுத்திவிட்டிருந்தது. கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க அவன் ஊருக்கு வந்திருந்தான். இருவரும் கடை மேசையில் தோளோடு தோள் இடிக்க நின்று ரொட்டியும் தொத்திறைச்சியும் தின்றார்கள். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். கைக்குட்டையையும் சொன்னாள்.

யெர்கோ வாயைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

“தொண்டை அடைக்குதே, அது எங்க வருது? ‘முதல் தடவை’ங்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“பின்னாடி.”

“முன்னாடி வெச்சுப் பாரு. நான் அர்ஜென்டீனாக் கதைய அப்படித்தான் மாத்தினேன். காத்து வேலியத் தூக்கிச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடியே காபிக் கோப்பைய மெதுவாக் கீழ வெக்கணும். ஜனங்க அப்படியே ஆடிப் போயிடுவாங்க.”

நெல்டா அவனையே பார்த்தாள். அவன் மிகவும் அக்கறையாகத்தான் சொன்னான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சொன்னதை இவ்வளவு கவனமாக அவன் கேட்டதே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயில் ரொட்டி இருந்ததால் புரையேறி, இருமி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“பாத்தியா, இத மட்டும் நீ அங்க பண்ணிட்டேன்னு வெச்சுக்கோ...” என்று ஆரம்பித்தான் யெர்கோ.

“வாய மூடிட்டுச் சாப்பிடு” என்றாள் நெல்டா.

மார்ச்சில் பருவம் முடிந்ததும் அவள் ராஜினாமா செய்தாள். கொன்ஸ்தான்சா வருத்தப்பட்டாள், பிறகு அவள் உரையின் ஒளிப்பதிவு இருக்கிறதா என்று விசாரித்தாள். இப்போது நெல்டா ஜலசந்தியைக் கடந்து எதிர்த் தீவிலுள்ள போர்வெனீர் ஊருக்குப் போகும் படகின் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். காற்று அடித்தால் அந்தப் படகும் போகாது. அன்றைக்கு அவள் கண்ணாடிக்குப் பின்னால் ‘இன்று இல்லை’ என்று ஒரு அட்டையைத் தொங்கவிடுகிறாள். தீவுக்காரர்கள் வந்து அதைப் படிக்கிறார்கள், காற்றைத் திட்டுகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை.